புண்ணை உள்ளபடி வரைந்தவர்கள்

போரைப் பாடிய இடமெல்லாம் புண்ணும் பாடப்பட்டிருக்கிறது. தமிழில் அதற்கு இரு பெயர்கள் வழங்கின. முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருதபோது முதுகிலும் புண்பட்டதற்கு நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் நீத்த செய்தியைப் புறநானூறு கூறுகிறது. விழுப்புண் படாத நாளை வீண்நாள் என்று கணக்கிடும் வீரனை வள்ளுவர் படைச்செருக்கில் காட்டுகிறார். இவ்விடங்களில் எல்லாம் புண் உடலின் எப்பக்கத்தில் பட்டது என்பதே வினா. அதன் ஆழம் என்ன, நிறம் என்ன, மூன்றாம் நாள் அது என்னவாயிற்று என்பன பெரும்பாலும் பாடுபொருள் ஆகவில்லை. பதிற்றுப்பத்தில் புண்ணைத் தைக்கும் நெடிய வெள்ளூசி ஒன்று தோன்றி மறைகிறது. புலவர் ஒருவர் மருத்துவர் அருகே நின்று பார்த்திருக்கிறார் என்று எண்ண வைக்கும் அரிய இடம் அது.

மேலைநாட்டு ஓவியத்திலும் நிலைமை இதினின்று மிகவும் வேறுபட்டதன்று. 1759ஆம் ஆண்டு கியூபெக் போரில் ஆங்கிலத் தளபதி உல்ஃப் மூன்று குண்டுகள் பட்டு இறந்தான். பதினோராண்டு கழித்து, 1770இல், பெஞ்சமின் வெஸ்ட் அம்மரணத்தைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். தளபதி சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட இயேசுவைப் போலச் சாய்ந்து கிடக்கிறான், மணிக்கட்டில் ஒரு துணி கட்டியிருக்கிறது, சட்டை கலையவில்லை. சுற்றி நிற்போர் வருந்துகின்றனர். குண்டு எங்கே நுழைந்தது என்று தேடினாலும் கிடைப்பது அரிது. அவ்வோவியம் பெரும்புகழ் பெற்றது. அச்சுப்படிகள் ஆயிரக்கணக்கில் விற்றன. நாட்டுக்காக இறந்தவன் அழகாகவே இறந்தான் என்று வீட்டில் இருந்தோர் நம்ப விரும்பினர். ஓவியர் அவ்விருப்பத்தை நிறைவேற்றித் தந்தார்.

புண்ணைப் புண்ணாகவே காட்டும் நடப்பியல் வேறொரு வாயிலால் ஓவியத்துக்குள் வந்தது. அவ்வாயில் மருத்துவமனை. 1512க்கும் 1516க்கும் இடையில் குருனேவால்டு என்னும் செருமானிய ஓவியர் இசன்ஹைம் என்ற ஊரின் மடம் ஒன்றுக்குப் பலிபீட ஓவியத் தொகுதி ஒன்றை வரைந்தார். அந்தோணியார் சபையினரின் அம்மடத்தில் ஒரு மருத்துவமனையும் இருந்தது. பூஞ்சைக் காளான் பற்றிய ரை தானிய ரொட்டியை உண்டதால் கைகால்கள் எரிந்து அழுகும் நோயாளிகள் அங்கே கிடந்தனர். குருனேவால்டு வரைந்த இயேசுவின் உடல் பச்சைபாய்ந்து, முட்கள் தைத்து, எங்கும் புள்ளிபுள்ளியாகப் புண்பட்டுத் தொங்குகிறது. அதே தொகுதியின் வேறொரு பலகையில், மூலையில், வயிறு வீங்கிக் கொப்புளம் கண்ட ஒருவன் கிடக்கிறான். அழுகும் காலோடு வந்தவன் முன்னே அழகிய உடலை வைத்தால் அவனுக்கு அதில் பங்கு ஏது? தன் புண்ணைக் கடவுளின் மேனியில் அவன் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதே அங்கு ஓவியத்தின் வேலையாக இருந்தது.

முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஓவியரே மருத்துவராகவும் இருந்த ஒருவர் வருகிறார். ஸ்காத்லாந்து அறுவை மருத்துவர் சார்லஸ் பெல், 1806இல் ஓவியர்களுக்காக முகக்குறிகளின் உடலமைப்பைப் பற்றி நூல் எழுதியவர். 1809இல் ஸ்பெயின் நாட்டுக் கொருனாப் போரிலிருந்து திரும்பிய வீரர்களை ஹாஸ்லர் மருத்துவமனையில் கண்டு, குண்டுக் காயங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். காயத்தின் வழியே வந்த இசிவு நோயால் உடல் வில்லாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் படுக்கையைத் தொட நிற்கும் மனிதனின் ஓவியம் அக்காலத்தில் உருவானதே. மருத்துவ மாணவருக்குப் பாடமாக வரையப்பட்ட அப்படம், பார்ப்போர் மனத்தில் தங்கும் வன்மையில் எந்தப் போர்க்கள ஓவியத்துக்கும் குறைந்ததன்று.

1815 ஜூன் 18ஆம் நாள் வாட்டர்லூப் போர் முடிந்தது. செய்தி எட்டியதும் பெல் பிரசல்ஸ் நகருக்கு விரைந்து, பிரெஞ்சுக் காயக்காரருக்கு மூன்று நாள் காலை தொடங்கி மாலை வரை இடைவிடாது அறுவை செய்தார். அங்கே குறித்த கோட்டோவியங்களைப் பின்னர் நீர்வண்ணத்தில் விரித்து எழுதினார். தோளோடு கை பறிபோனவன், வாள்வெட்டில் குடல் வெளிவந்தவன் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே இருக்கின்றனர். போர்க்களம் இல்லை, கொடி இல்லை, பின்புலத்தில் ஒரு படுக்கை விரிப்பு மட்டும். ஆயினும் பெல் முகங்களை விட்டுவிடவில்லை. புண்ணைப் பார்த்த கண், அடுத்து அதைத் தாங்கியவனின் முகத்தைப் பார்க்க வேண்டியதாகிறது. பிற்கால மருத்துவ நூல்கள் புண்ணை மட்டும் வெட்டியெடுத்து அச்சிட்டு, முகத்தை வெளியே தள்ளிவிட்டன. அதனால் பாடம் தெளிவாயிற்று. பாடத்துக்கு உரியவன் மறைந்தான்.

அதே காலத்தில் ஸ்பெயினில் கோயா போரின் கேடுகளைச் செப்புத் தகடுகளில் செதுக்கிக்கொண்டிருந்தார். வெட்டுண்ட உடல்கள் மரக்கிளையில் செருகப்பட்டிருக்கும் காட்சியும் அவற்றுள் ஒன்று. அவர் 1828இல் இறந்தார். அப்படங்கள் தொகுதியாக வெளிவந்தது 1863இல். உள்ளதை வரைவது ஒன்று, வரைந்ததை வெளியிடுவது மற்றொன்று என்பதை அந்த முப்பத்தைந்தாண்டு இடைவெளி உணர்த்தும்.

முதல் உலகப் போரில் புண்ணின் இடம் மாறிற்று. பதுங்குகுழியில் நின்றவனுக்கு உடல் மண்ணுக்குள்ளும் தலை வெளியிலும் இருந்தது. எறிகுண்டுச் சிதறல்கள் தாடையையும் மூக்கையும் கொண்டுபோயின. நியூசிலாந்தில் பிறந்த ஹரால்டு கில்லிஸ் என்னும் மருத்துவர் 1916இல் இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட் படை மருத்துவமனையில் இத்தகைய முகங்களை மீண்டும் கட்டியெழுப்ப முயன்றார். அவருக்குத் துணையாக வந்தவர் ஹென்றி டாங்க்ஸ். இளமையில் அறுவை மருத்துவம் பயின்று, பின் அதைத் துறந்து, இலண்டன் ஸ்லேடு ஓவியப் பள்ளியில் ஆசிரியரானவர். மனித உடலைக் கத்தியாலும் அறிந்தவர், கரிக்கோலாலும் அறிந்தவர். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த ஒருவர் அம்மருத்துவமனைக்குக் கிடைத்தது பெரும்பேறு.

அப்போது புகைப்படக் கருவி இருந்தது. கில்லிஸ் அதையும் பயன்படுத்தினார். பிறகு ஓவியர் எதற்கு என்ற கேள்வி எழலாம். அக்காலப் புகைப்படம் கறுப்பு வெள்ளை. காய்ந்த குருதி, பச்சைச் சதை, குழியின் நிழல் ஆகிய மூன்றும் அதில் ஒரே கருமையாக விழும். டாங்க்ஸ் பயன்படுத்திய உலர்வண்ணக் கட்டிகள் இவற்றைப் பிரித்துக் காட்டின. எங்கே தோல் முடிந்து உள்வாயின் மென்தசை தொடங்குகிறது, எத்தழும்பு இழுக்கிறது என்பதை அறுவை செய்பவர் படத்தைப் பார்த்தே அறிய முடிந்தது. அவ்வாறு வரையப்பட்டவை எழுபதுக்கு மேல் எஞ்சியிருக்கின்றன. மூக்கு அறுபட்ட இளைஞன் ஒருவனின் முகம் உடைந்த கிரேக்கச் சிலை போல இருப்பதாக டாங்க்ஸ் நண்பருக்கு எழுதினார். இக்கூற்று ஒருவகையில் கொடிது. ஆனால் பழகிய கலைக்கண் எவ்வளவு முயன்றாலும் அழகைத் தேடுவதை விடாது என்பதற்கு அதுவே சான்று. அப்படங்கள் பொதுமக்கள் பார்வைக்கு உரியன என்று அவர் கருதவில்லை. நெடுங்காலம் அவை மருத்துவர்களின் காப்பகத்திலேயே கிடந்தன.

மக்கள் பார்வைக்கு வந்தது வேறொன்று. 1918இல் டாங்க்ஸோடு போர்முனைக்குச் சென்ற சார்ஜண்ட், நச்சுப்புகையால் கண் கெட்ட வீரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி வரிசையாக நடக்கும் காட்சியை ஆறு மீட்டர் நீளத்தில் தீட்டி 1919இல் முடித்தார். எல்லார் கண்ணிலும் வெள்ளைத் துணி. கோயிற்சுவரில் செதுக்கிய வரிசை போன்ற பெருமிதம். கடுகுப்புகை தோலில் எழுப்பும் பெரும் கொப்புளம் அதில் ஒன்றும் இல்லை. இரு நண்பர்கள், ஒரே போர். ஒருவர் கட்டை அவிழ்த்து வரைந்தார், மற்றவர் கட்டோடு வரைந்தார். அரசு தொங்கவிட விரும்பியது கட்டோடு இருந்ததைத்தான்.

இனி மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருக்கு மிக அருகில் உள்ள செய்திக்கு வரலாம்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. சிறைப்பட்ட நேச நாட்டுப் படையினருள் ஓவியம் பயின்ற இளைஞர் சிலரும் இருந்தனர். ஜாக் சால்க்கர், 1918இல் இலண்டனில் பிறந்தவர். அரசு கலைக்கல்லூரியில் சேர உதவித்தொகை பெற்றிருந்த வேளையில் போர் குறுக்கிட்டுப் பீரங்கிப் படையில் சேர்ந்தவர். பிலிப் மெனின்ஸ்கி, ஆஷ்லி ஜார்ஜ் ஓல்டு ஆகியோரும் அத்தகையோரே. பிற்காலத்தில் பள்ளிச் சிறுமியரைப் பற்றிய கேலிச்சித்திரங்களால் உலகப் புகழ் பெற்ற ரொனால்டு சேர்லும் அவர்களுள் ஒருவர். சாங்கியில் தொடங்கிய இவர்களது சிறைவாழ்வு சயாமுக்கு நீண்டது. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை ஒன்றைச் சப்பானியர் அமைக்கத் தொடங்கியிருந்தனர். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் ஈடுபடுத்தப்பட்டனர்; 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அப்பாதையில் மனிதரைக் கொன்றவை வயிற்றுப்போக்கும் காலராவும் மலேரியாவும். ஆனால் அங்கிருந்து மீண்டோர் நினைவில் மற்றெதையும்விட அழுத்தமாகப் பதிந்தது கால்புண். இன்று அல்சர் என்றால் வயிற்றுப்புண்ணே நினைவுக்கு வரும். அம்முகாம்களில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. மூங்கில் வெட்டும்போது கணைக்காலில் ஒரு கீறல் விழும். உடலில் ஊட்டம் இல்லை, காலில் செருப்பு இல்லை, மருந்து இல்லை. இரண்டொரு நாளில் கீறல் கொப்புளமாகி, கொப்புளம் குழியாகி, குழி கையகலம் விரியும். சாம்பலும் பச்சையும் கலந்த அழுகிய சதை மேலே படரும். அது கழன்று விழுந்தால் தசைநார் தெரியும். இன்னும் சில நாளில் கணைக்காலின் முன்னெலும்பு முழங்கால் முதல் கணு வரை வெளியே தெரியும். புண்வாட்டின் நாற்றம் தொலைவிலேயே எட்டும்.

சிகிச்சை என்று இருந்ததைச் சொன்னாலே கை நடுங்கும். விளிம்பு தீட்டிய கரண்டியால் அழுகிய சதையைச் சுரண்டி எடுப்பார்கள். மயக்க மருந்து கிடையாது. நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். சில இடங்களில் புழுக்களை விட்டு அழுகலை உண்ணச் செய்ததும் உண்டு. எதற்கும் அடங்காத காலை வெட்டுவதே முடிவு. சுங்கை முகாமில் — குவாய் ஆற்றங்கரையில் காஞ்சனபுரிக்கு அருகில் இருந்த இம்முகாமை மலாய்ச் சொல்லாகிய சுங்கையோடு மயக்க வேண்டா. சயாமியர் அதைச் சுங்காய் என்பர் — கனடா நாட்டு மருத்துவர் ஜேக்கப் மார்க்கோவிட்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட கால்களை வெட்டி எடுத்தார். பர்மாப் பக்கத்து 55ஆம் கிலோமீட்டர் முகாமில் ஆஸ்திரேலிய மருத்துவர் ஆல்பர்ட் கோட்ஸும் அவ்வாறே. குருதி ஏற்றும்போது அது உறையாதிருக்கத் தடுப்பு மருந்து இல்லாமையால், எடுத்த குருதியைக் கோலால் கடைந்து, திரண்ட நாரை நீக்கி, துணியில் வடிகட்டி மற்றவனுக்குச் செலுத்தினர்.

சால்க்கர் முதலில் இருந்தது ஆற்றோரக் கொன்யு முகாமில். வரைவது சப்பானியரால் தடைசெய்யப்பட்ட குற்றம். ஒருநாள் காவலன் அவரது படங்களைக் கண்டுபிடித்துவிட்டான். படங்கள் அழிக்கப்பட்டன, அவர் கொடிய அடிபட்டார். அதன் பின்பும் அவர் வரைவதை நிறுத்தவில்லை. 1943இல் நோயாளியாகச் சுங்காய் மருத்துவ முகாமுக்கு வந்து சேர்ந்த பிறகு, அவரது வேலைக்குப் புதியதொரு பொருள் பிறந்தது. மருத்துவர்கள் தங்கள் பதிவுக்காகப் படங்கள் வேண்டும் என்றனர். சால்க்கரும் மெனின்ஸ்கியும் ஓல்டும் புண்வாட்டில் அமர்ந்து கால்களை வரையலாயினர். 1944 தொடக்கத்தில் அம்முகாமுக்கு வந்த ஆஸ்திரேலிய மருத்துவர் எட்வர்ட் டன்லப் இப்பணியைப் பெரிதும் ஊக்கினார். மறைத்துவைத்த சிறு வண்ணப்பெட்டியும் திருடியும் பண்டமாற்றியும் பெற்ற தாளுமே கருவிகள்.

முடிந்த படங்களை ஒளிக்க வேண்டும். மூங்கிற் குழாயில் அடைத்து மண்ணில் புதைத்தனர். அத்தாப்புக் கூரையில் செருகினர். கால் இழந்தோருக்கு முகாமிலேயே செய்து கொடுத்த பொய்க்காலின் உட்குழியிலும் வைத்தனர். வெட்டுண்ட காலின் படம் பொய்க்காலுக்குள் இருந்திருக்கலாம் என்று கற்பனை செய்தால் தவறில்லை. சேர்ல் தம் படங்களைக் காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் வைத்தார். தொற்றுக்கு அஞ்சிய காவலர் அங்கே கை வைக்கமாட்டார்கள்.

இப்படங்களின் நடப்பியலைச் சற்று நின்று நோக்க வேண்டும். மருத்துவத்துக்கென்று வரைந்தவற்றில் பெரும்பாலும் கால் மட்டுமே தாளில் இருக்கிறது. புண்ணின் விளிம்பு தடித்துச் சுருண்டிருக்கிறதா, சரிந்திருக்கிறதா என்பது கோட்டில் தெரிகிறது. அழுகலின் சாம்பல் பச்சையும், ஆறத் தொடங்கும் இடத்தில் அரும்பும் செந்நிறப் புதுச்சதையும் நீர்வண்ணத்தில் தனித்தனியே நிற்கின்றன. ஆறுகிறதா அழுகுகிறதா என்பதே வெட்டுவதா வேண்டாவா என்பதைத் தீர்மானிக்கும் வினா. ஆகவே ஓவியர் நிறத்தில் பொய் சொல்ல முடியாது. இரக்கத்துக்காக ஒரு துளி குருதியை மிகுத்தாலும் படம் பயனற்றுப் போகும். அச்சத்தால் ஒரு துளி குறைத்தாலும் அப்படியே. மெலிந்த உடலை மறைவாகப் புகைப்படம் எடுத்தவர்களும் உண்டு; ஆஸ்திரேலிய வீரர் ஜார்ஜ் ஆஸ்பினாலின் மறைவுக் கருவி அத்தகைய அரிய சில படங்களைத் தந்தது. ஆனால் அவை கறுப்பு வெள்ளை. டாங்க்ஸ் காலத்து நியாயம் சயாம் காட்டிலும் பொருந்திற்று.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பெல்லும் டாங்க்ஸும் நலமாய் நின்று நோயுற்றோரை வரைந்தவர்கள். சால்க்கரும் மெனின்ஸ்கியும் அதே பட்டினியில், அதே காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள். தம் காலில் நாளை வரக்கூடியதைப் பிறர் காலில் இன்று பார்த்து வரைந்தனர். ஆயினும் கோடு நடுங்கவில்லை. அழுகையோ சினமோ அப்படங்களில் தேடினாலும் கிடைக்காது. கலையில் உணர்ச்சி இல்லாவிடில் உயிரில்லை என்று கூறுவோர் இவற்றைக் கண்டு தம் கருத்தை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

போர் முடிந்தபின் இவை உலகத்துக்கு வந்தன. மருத்துவர் கோட்ஸ் 1946இல் தோக்கியோ போர்க்குற்ற விசாரணை மன்றத்தில் முகாம்களின் நிலைபற்றிச் சாட்சி கூறினார். சேர்லின் ஏறத்தாழ முந்நூறு படங்கள் இலண்டன் போர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. சால்க்கர் பிரிஸ்டல் நகரில் கலைக்கல்லூரித் தலைவராக இருந்து ஓய்வு பெற்றார். பல ஆண்டுகள் தம் படங்களை வெளியே காட்டாமல் வைத்திருந்து, 1994இல் நூலாக வெளியிட்டார். 2014இல் மறைந்தார். அவரது படங்களின் பெருந்தொகுதி இப்போது கான்பராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளது.

ஆனால் அப்பாதையில் உழைத்தோருள் போர்க்கைதிகள் சிறுபான்மையர். மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் சாவகத்திலிருந்தும் கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சத்தை ஒட்டியவர் என்பர். போருக்குப் பின் பிரிட்டிஷார் எடுத்த கணக்கில் மலாயாவினர் மட்டும் 75,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பான்மையினர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லி அழைத்தனர். ஆள் சேராதபோது பிடித்தும் கொண்டுபோயினர். மனைவி மக்களோடு போனவர்களும் இருந்தனர். எத்தனை பேர் இறந்தனர் என்பதில் கணக்குக்குக் கணக்கு பெரிய வேறுபாடு. பல்லாயிரவர் என்பது மட்டும் உறுதி. இறந்தவரை எண்ணுவதற்கே ஆள் இல்லாத முகாம்கள் அவை.

போர்க்கைதிகளுக்குப் படைமுறை இருந்தது, தலைவர் இருந்தார், எல்லாவற்றுக்கும் மேலாக அவர்களோடு மருத்துவர் இருந்தனர். தோட்டத்தில் கால்புண் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் டிரஸரிடம் மருந்து கட்டிக்கொண்டு வரலாம். சயாமில் அந்த டிரஸரும் இல்லை. ஒரு சில டிரஸர்கள் உடன் கொண்டுபோகப்பட்டாலும், கையில் மருந்தில்லாத டிரஸர் என்ன செய்ய முடியும்? 1943இன் நடுவில் சப்பானியர் சாங்கியிலிருந்து கே படை, எல் படை என்னும் இரு மருத்துவக் குழுக்களை ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினர். சில நூறு பேர் கொண்ட அக்குழுக்களுக்கு முன்னே கிடந்தோர் பல்லாயிரம்.

புண்ணை வரையச் சொல்லும் மருத்துவரும் இல்லை, வரையும் ஓவியரும் இல்லை, ஒளித்து வைக்கத் தாளும் இல்லை என்னும் இடத்தில் படம் எங்கிருந்து வரும்? கைதிகளின் நாட்குறிப்புகளிலும் சில கோட்டோவியங்களிலும் தமிழர் தொலைவில் நடமாடும் உருவங்களாக வருகின்றனர். ஆனால் பெயரும் முகமும் தெரிய, புண்ணின் நிறம் தெரிய, ஒரு தோட்டத் தமிழரை அருகிருந்து வரைந்த படம் என்பது அரிதினும் அரிது. கலைவரலாற்று நூல்கள் இவ்வின்மையைப் பேசுவதில்லை. இருக்கும் படங்களை ஆராய்வது அவற்றின் முறை. இல்லாத படம் ஏன் இல்லை என்று கேட்கும் கடமை பெரும்பாலும் இம்மண்ணின் தமிழருக்கே விடப்பட்டிருக்கிறது.

தமிழர் பக்கத்துச் சான்று பேச்சாகவே எஞ்சிற்று. மீண்டு வந்தோர் தம் மக்களிடமும் பேரப்பிள்ளைகளிடமும் கூறினர். கூறாமலே மறைந்தவர் மிகப் பலர். 1979இல் சிங்கப்பூரில் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பணி சப்பானியர் காலத்து நினைவுகள் பலவற்றை ஒலிநாடாவில் சேர்த்தது. மலேசியாவில் ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் சயாம் இரயிலை நாவலாக்கினர். நாவலாசிரியர் ஒருவர் அக்காலின் புண்ணை எழுத முற்படும்போது, அவருக்கு உதவக்கூடிய நேரடி ஓவியச் சான்று ஆங்கிலேயர் காலையும் ஆஸ்திரேலியர் காலையும் வரைந்ததாகவே இருக்கிறது. அதனால் குறையொன்றும் இல்லை. அதே மூங்கில் கீறியது. அதே பட்டினியில் அழுகியது. முகம் இல்லாமல் காலை மட்டும் வரைந்த அந்த மருத்துவப் படங்கள், முகத்தை வெட்டியதாலேயே, வரையப்படாத ஒருவனுக்கும் பொருந்தி நிற்கின்றன. மருத்துவ நூல்களின் முகமற்ற படங்கள் மேல் முன்பு சொன்ன குறை இங்கே ஓரளவு தளர்கிறது.

காஞ்சனபுரிப் போர் இடுகாட்டில் ஏறத்தாழ 6,900 போர்க்கைதிகளும், சுங்காய் இடுகாட்டில் 1,700க்கும் மேற்பட்டோரும் துயில்கின்றனர். கல்லுக்குக் கல் பெயர், படைப்பிரிவு, வயது. புல் சீராக வெட்டப்பட்டிருக்கிறது. தொழிலாளருக்கு அத்தகைய இடுகாடு எழவில்லை. 1990ஆம் ஆண்டு காஞ்சனபுரியில் வயல் ஒன்றைத் தோண்டியபோது மனித எலும்புகள் குவியலாக வெளிப்பட்டன. அவை இருப்புப்பாதையில் மடிந்த ஆசியத் தொழிலாளருடையவை என்று கொள்ளப்பட்டது. அவற்றில் எந்த எலும்பு தமிழருடையது, எது மலாய்க்காரருடையது, எது பர்மியருடையது என்று பிரித்தறிய வழியில்லை.

கால்புண் எலும்பைத் தொட்டு நெடுநாள் நின்றுவிட்டால், கணைக்காலின் முன்னெலும்பு அவ்விடத்தில் தடித்து மேடிட்டுவிடும். தோலும் சதையும் மண்ணாகிப் போன பிறகும் அம்மேடு எலும்பில் நிற்கும். பழைய எலும்புகளை ஆராய்வோர் விரலால் தடவியே அதை அறிந்துகொள்வர். சால்க்கர் சுங்காய் முகாமில் நீர்வண்ணத்தில் வரைந்தது அதே இடத்தைத்தான், மேற்புறத்திலிருந்து.